கிணற்றில் இறங்கும் உப்பு

வேதாரண்யம் பக்கத்தில் ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போகிறவருக்கு மாத்திரையோடு ஓர் அறிவுரையும் சேர்ந்து கிடைக்கும்: உப்பைக் குறையுங்கள். கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, அப்பளம் வேண்டாம், குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்தே போடுங்கள். தவறில்லாத அறிவுரை. ஒரு நாளைக்கு ஒருவர் 5 கிராம் உப்புக்குள், அதாவது 2 கிராம் சோடியத்துக்குள் நின்றுகொள்ள வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

உப்பு சட்டியில் இருக்கிறது என்ற நினைப்பில் சொல்லப்படும் அறிவுரை அது. கடலோர ஊரில் உப்பு கிணற்றிலும் இருக்கும். சட்டியில் போடுவதை நாம் குறைத்துக்கொள்ளலாம். கிணற்றில் கலந்துவிட்டதை எந்த வீட்டுக்காரி குறைப்பாள்? மாசு என்றவுடன் புகைபோக்கியும் சாயக்கழிவும் பிளாஸ்டிக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. கோடியக்கரையில் நின்று யோசித்தால், மக்களின் உடல்நலத்தைக் கருதி முதலில் பேச வேண்டிய மாசு உப்புதான் என்று எனக்குப் படுகிறது.

வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை கோடியக்கரை. சோழமண்டலக் கரை நேராகத் தெற்கே ஓடிவந்து இங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. முனையில் மணல்மேட்டுக் காடு. அதற்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் பெரும் சதுப்பு. 1967-ல் சரணாலயமானது; 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளிமானும் பூநாரையும் பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததே. அவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று காலுக்குக் கீழே இருக்கிறது. மூன்று பக்கமும் உப்புநீர் சூழ்ந்த இந்த மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதை உறிஞ்சித்தான் இந்தக் காடு பச்சையாக நிற்கிறது. வேதாரண்யம் வட்டாரத்தின் மல்லிகைத் தோட்டங்களும் மாந்தோப்புகளும் இதே மாதிரி மணல்மேட்டுத் தண்ணீரை நம்பி வந்தவைதான்.

மணலில் கையால் பள்ளம் தோண்டினால் போதும். முதலில் ஈரம் தெரியும், பிறகு பக்கச் சுவரிலிருந்து நீர் கசிந்து அடியில் தேங்கும். கலங்கல் தெளியும் வரை சற்றுப் பொறுத்திருந்து, கொட்டாங்குச்சியால் அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் கரிக்கும். மேலாக எடு, மெதுவாக எடு என்பது கடலோரப் பெண்களுக்கு வழிவழியாகத் தெரிந்த பாடம். அந்தப் பாடத்துக்கு ஐரோப்பாவில் கணக்குப் போட்டவர்கள் இருவர். 1880-களின் கடைசியில் நெதர்லாந்தின் பாடோன் கைபன். 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க். இருவரும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள்.

கணக்கு எளிது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனமானது. அதனால் மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கடலில் மிதக்கும் பனிப்பாறையைப்போலவே இதற்கும் வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். கேட்க ஆறுதலாக இருக்கும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் வரை மேலேறி வரும். நிஜ மண்ணில் களிமண் படலங்கள் குறுக்கிடுவதால் கணக்கு அச்சாக அப்படியே நடப்பதில்லை. நடக்கும் திசை மாத்திரம் மாறாது.

இப்படி மிதக்கும் நல்ல தண்ணீருக்கு உப்பால் வரும் ஆபத்து கீழிருந்து மட்டும் வருவதில்லை. மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து ஏறுகிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் வராத நாளில் ஆற்று வாய்க்கால் வழியே பக்கவாட்டில் நுழைகிறது. மூன்றாவது, மேலிருந்து இறங்குவது. இந்த மூன்றாவதைத்தான் சந்தேகமே இல்லாமல் மனிதன் செய்த மாசு என்று சொல்ல முடியும். அதற்குக் காவிரிக் கடைமடையில் ஒரு பெரிய வழக்கே உண்டு.

1990-களின் தொடக்கத்தில் பழைய தஞ்சை மாவட்டத்தின் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. ஏற்றுமதி விலை நன்றாக இருந்தது. வயலை வெட்டிக் குளமாக்கி, கடல்நீரையும் கழிமுகத்து நீரையும் குழாய் வழியே உள்ளே கொண்டுவந்து டைகர் இறால் வளர்த்தார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகள் கரிக்கத் தொடங்கின. நெல் வயல் ஓரங்களில் மண் வெளுத்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகநாதன் அப்போதே எண்பது வயதை ஒட்டியவர். பூதான இயக்கத்தில் நடந்து தேய்ந்த கால்கள் அவருக்கு. அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார்கள். சத்தியாக்கிரகத்தோடு நிற்காமல் 1994-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுவும் போட்டார் ஜெகநாதன். நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், நீரி, பண்ணைகளை நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் கூடாது. வேளாண் நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம் எதையும் பண்ணையாக மாற்றக் கூடாது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆறு ஆண்டுக் கூலியைத் தர வேண்டும். இந்தத் தொழில் ஈட்டும் வருமானத்தைவிட அது செய்யும் சேதத்தின் மதிப்பு அதிகம் என்ற நீரியின் கணக்கையும் தீர்ப்பு எடுத்துக்கொண்டது.

ஒரு பண்ணைக் குளம் கிணற்றை எப்படிக் கெடுக்கும் என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். ஒரு எக்டேர் பரப்பு, ஒரு மீட்டர் ஆழம், லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். இறால் நன்றாக வளரும் அளவுதான் இது. அந்தக் குளத்துக்குள் கரைந்திருக்கும் உப்பு 200 டன். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த நீருக்கு மேலும் உவர்நீர் விடுவார்கள். அடிமண் மணல் கலந்ததாக இருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் மட்டும் கீழே கசிந்தால், கண்ணுக்குத் தெரியாமல் தினமும் 50,000 லிட்டர் உவர்நீரும் அதோடு ஒரு டன் உப்பும் நிலத்தடிக்கு இறங்கும். அந்த உப்பைக் குடிநீருக்குரிய அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய 22 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஆளுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அந்தக் கணக்கில் 40,000 பேருக்கு ஒரு நாளைக்குப் போதுமான தண்ணீர் அது. ஒரு குளம், ஒரு நாள்!

அப்படியானால் உப்பளங்கள்? வேதாரண்யத்தைச் சுற்றி அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் கடினல்வயலிலும் பரந்து கிடக்கும் பாத்திகளில் தேங்குவதும் உப்புநீர்தானே என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். உப்பளம் பெரும்பாலும் ஏற்கெனவே உவர்ப்பான சதுப்புக் களிமண்ணில் அமைகிறது. பருவம் தொடங்கும் முன் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, குழைந்த சேற்றைக் காலால் மிதித்து மிதித்துப் பாத்தியை இறுக்குவார்கள். கால் வெடித்துப் புண்ணாகும் வேலை அது. நீர் கீழே இறங்கினால் உப்பு விளையாது என்பதால், கசிவைத் தடுப்பது அந்தத் தொழிலின் உயிர்நாடி. இறால் குளத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கசிந்த நீரை மறுநாள் பம்பு ஈடுகட்டிவிடும். உப்பு ஒன்றுதான், அது எந்த மண்ணின்மேல் நிற்கிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. சதுப்பில் அதே உப்பு இயல்பானது. பூநாரை கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதே அந்த உவர்நீரில் வாழும் சிற்றுயிர்களுக்காகத்தான்.

கிணற்றிலிருந்து உடம்புக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு 19 கிராம், சோடியம் 10.8 கிராம். கிணற்று நீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் கலந்ததென்றால் லிட்டருக்குச் சோடியம் 216 மில்லிகிராம் ஆகும். நாக்கு உப்பை உணரத் தொடங்குவதே சுமார் 200-ல்தான். அதாவது, பழகிய நாக்குக்கு அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீராகவே தோன்றும். குடிப்பது, கஞ்சியிலும் சோற்றிலும் சேர்வது எல்லாமாக ஒருவர் 4 லிட்டர் உள்ளே எடுத்தால் 0.86 கிராம் சோடியம். நாள் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீரிலேயே தீர்ந்துவிடுகிறது. ஐந்து பங்கு கலந்தால் 4 லிட்டரில் 2.16 கிராம். குழம்புக்கு உப்பே போடாவிட்டாலும் வரம்பு தாண்டியாயிற்று.

இதில் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்த ஐந்து பங்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 950 மில்லிகிராம் இருக்கும். இந்தியக் குடிநீர்த் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, குளோரைடு 250-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. ஆக, அந்தத் தண்ணீர் அளவுகோலின்படி தேறிவிடும்! சோடியத்துக்கென்று அந்தப் பட்டியலில் வரம்பே இல்லை. குளோரைடு வரம்பு பெரும்பாலும் ருசியையும் குழாய் அரிப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கர்ப்பிணியின் ரத்தக் குழாயை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல.

சோடியம் உள்ளே போனால் என்ன ஆகும்? ரத்தத்தில் உப்பின் செறிவு ஓர் அளவுக்கு மேல் ஏற உடம்பு விடாது. தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்போம், சிறுநீரகமும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செறிவு சரியாகிவிடும், ஆனால் குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடியிருக்கும். கூடுதல் உப்பை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. இது ஒரு நாள் நடந்தால் ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்தால் உயர்ந்த அழுத்தமே நிலையாகிவிடும். குழாய்ச் சுவர் விறைக்கும். மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றும் அதன் சுமையைத் தாங்கும். 1988-ல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்டோரின் சிறுநீரில் சோடியத்தை அளந்தது. அந்த ஆய்வில் இடம்பெற்ற, உப்பு மிகக் குறைவாக உண்ணும் அமேசான் காட்டு யானோமாமி மக்களுக்கு, நாம் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிற ‘வயசானா பிரஷர் ஏறும்’ என்பது ஏறக்குறைய இல்லை.

வியர்வை சிந்தி உழைப்பவருக்கு உப்பு தேவைதான். உப்பளத் தொழிலாளி வெயிலில் நிறைய உப்பை வியர்வையில் இழக்கிறார். 1930-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி நடத்திவந்த யாத்திரை ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளியதே, ஏழை உழைப்பாளிக்கு உப்பு எட்டாக்கனியாகக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் தண்ணீர் யார் எவ்வளவு வியர்த்தார் என்று பார்த்து உப்பு கொடுப்பதில்லை. வீட்டில் இருக்கும் முதியவருக்கும், ஏழு மாதக் கர்ப்பிணிக்கும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அதே குடத்துத் தண்ணீர்தான்.

கர்ப்பிணி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரம் நம் கடைமடையின் உடன்பிறப்பு போன்றது. நதி முகத்துவாரம், நெல், இறால் குளம், புயல் எல்லாம் அங்கேயும் உண்டு. அங்கே குல்னா மாவட்டத்து டாகோப்பில் அனீரே கான் குழுவினர் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, 969 கர்ப்பிணிகளின் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தது. மழைக்காலத்தில் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் நூற்றுக்கு 5 பேருக்கு இருந்தது. தண்ணீர் கரிக்கும் வறண்ட மாதங்களில் நூற்றுக்கு 12 பேருக்கு இருந்தது. வறண்ட காலத்தில் குடிநீர் வழியே மட்டும் நாளொன்றுக்கு 5 முதல் 16 கிராம் சோடியம் உள்ளே போகிறது என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். நாம் மேலே போட்ட கணக்கையெல்லாம் இது தாண்டிப் போகிறது. கர்ப்பகாலத்தில் அழுத்தம் ஏறுவது தாய்க்கு வலிப்பு வரை கொண்டுபோகும், குழந்தையைக் குறைமாதத்தில் வெளியே தள்ளும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பின்னாளில் அதே கரையில் நடந்த வேறோர் ஆய்வு, லேசாக உவர்த்த நீர் குடித்தவர்களின் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவாகவே இருந்தது என்று கண்டது. அந்த நீரில் சோடியத்தோடு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்திருந்தன. இவை அழுத்தத்தைத் தணிப்பவை. நிலத்தடி நீர் சோடியம் மட்டும் கரைந்த கரைசல் இல்லை, பல உப்புகளின் கலவை. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று நம் வீடுகளில் குறை சொல்வதும் பெரும்பாலும் இந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும்தான். ஆகவே ஒவ்வோர் ஊர்த் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் பேச முடியும். ‘கரிக்குது’ என்ற ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

சரி, வடிகட்டிக் குடித்தால் என்ன? ஆர்.ஓ. இயந்திரம் பல கடலோர ஊராட்சிகளுக்கு வந்துவிட்டது. கேன் தண்ணீர் வண்டியும் வருகிறது. அவசரத்துக்கு அது தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறது. ஒரு குடம் நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வரும்போது, செறிந்த உப்புநீர் பல இயந்திரங்களில் அதைவிட அதிகமாகவே அந்தப் பக்கம் வெளியேறும். கிராமத்தில் அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்று பின்னால் போய்ப் பாருங்கள். பல இடங்களில் பக்கத்துப் பள்ளத்துக்குத்தான். அங்கிருந்து அதே மணலுக்கு. காசு கொடுத்து வாங்க முடிந்தவர் கேன் வாங்குவார், முடியாதவர் கிணற்றுக்குப் போவார் என்ற பிரிவினையும் கூடவே வந்துவிடுகிறது. வடக்கே கொள்ளிடத்து மணலிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வேதாரண்யம் வரை தண்ணீர் கொண்டுவருகிறது; அது பெரிய ஆறுதல். குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ கடைசி ஊருக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பது என்ன மதிப்பு என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உப்பு இறங்கிவிட்ட கிணறு மீளுமா? மீளும். அதற்குச் சாட்சி 2004 சுனாமி. இலங்கையின் மட்டக்களப்புக் கரையிலும் நம் நாகைக் கரையைப் போலவே பல்லாயிரம் கிணறுகளில் கடல் புகுந்தது. தொண்டு நிறுவனங்கள் நல்ல எண்ணத்தோடு மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தன. கிணறு தெளியவில்லை, சில இடங்களில் இன்னும் கரித்தது. இறைக்க இறைக்கக் கீழே இருந்த உப்புநீர் மேலே ஏறியதுதான் காரணம், அதே நாற்பது மடங்குக் கணக்கு. கொழும்பில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து அளந்தபோது, கிணற்றைத் தேற்றியது அடுத்தடுத்து வந்த மழைதான் என்று தெரிந்தது. சுனாமி ஒரு நாள் வந்து போனது. ஆண்டு முழுக்க உவர்நீர் நிற்கும் குளத்துக்கு அடியில் மழைக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. உப்பு வருவதை நிறுத்தினால் மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். நிறுத்துவதுதான் மனிதன் செய்ய வேண்டிய வேலை.

அந்த வேலையில் சட்டம் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. 1996 தீர்ப்பு எழுதியபடி நிறைவேறவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, பண்ணைகளைப் பதிவு பெற்று நடத்தும் தொழிலாக்கியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது அந்தச் சட்டம். 2023 திருத்தம், பதிவில்லாமல் நடத்துபவருக்கு இருந்த சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக்கியது. டைகர் இறால் போய் வனாமி வந்துவிட்டது. நாகை மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு இன்று அது சோறு போடுகிறது; அதை ஒரே நாளில் மூடச் சொல்வது நடைமுறைக்கும் ஒவ்வாது, நியாயமும் ஆகாது. ஆனால் எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மணல்மேட்டிலும், குடிநீர்க் கிணற்றின் நீரோட்டப் பாதையிலும் குளம் வெட்டவே கூடாது. வெட்டும் இடத்தில் களிமண் இறுகியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடித்த பாலித்தீன் விரிப்புப் போட வேண்டும். வடியும் நீர் வயல் வாய்க்காலில் விழக் கூடாது. கேரளத்தின் பொக்காளி வயல்களில் கோடையில் உவர்நீரும் இறாலும், மழையில் உப்பு கழுவப்பட்ட பின் நெல்லும் என்று மாறிமாறி நடக்கிறது. மழைக்கு இடம் விடும் ஏற்பாடு அது.

இறைப்பதற்கும் ஒரு பழைய விதி இருந்தது. 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதையே தடுத்தது. 200 முதல் 500 மீட்டர் வரை, குடிக்கவும் பயிருக்கும் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளலாம் என்றது. கொட்டாங்குச்சிப் பாடத்தை ஒருவர் அரசிதழ் நடையில் எழுதியதுபோலவே எனக்குத் தோன்றும் விதி அது. இன்று நீர்மூழ்கி மோட்டார் இல்லாத தோப்பு எங்கே இருக்கிறது?

ஆற்றுப் பக்கத்துக்கும் ஒரு சொல். முள்ளியாறும் அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் கடலுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் வரை கடல் ஆற்றுக்குள் வராது. மேட்டூரில் திறந்தது கடைமடைக்கு வராத ஆண்டில் அலை வாய்க்கால் வழியே ஏறும், இரு கரையிலும் கிணறு கரிக்கும். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு வெண்ணாற்றுப் பகுதியில் நடந்த திட்டத்தில், ஆறுகளைத் தூர்வாரியதோடு கடைமடை ரெகுலேட்டர்களையும் செப்பனிட்டார்கள். விவசாயத் திட்டமாகவே அது பேசப்படுகிறது. கதவு ஒழுங்காக இறங்கி அலையைத் தடுத்தால், அந்தக் கரையிலுள்ள வீடுகளின் ரத்த அழுத்தத்துக்கும் அது செய்யும் சேவை சின்னதல்ல.

சின்ன அளவு குறைவது பெரிதாகுமா என்ற சந்தேகத்துக்கு, இன்டர்சால்ட் ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ரோஸ் 1985-லேயே ஒரு கட்டுரையில் விடை சொல்லியிருக்கிறார். அழுத்தம் மிக உயர்ந்த சிலருக்கு மட்டும் மருந்து கொடுப்பதைவிட, ஊர் முழுவதற்கும் அழுத்தம் ஓரிரு புள்ளி குறைந்தால் தடுக்கப்படும் பக்கவாதங்கள் அதிகம். ஏனென்றால் நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த மிக உயர்ந்த சிலருக்குள் இல்லை. நடுவில், தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஊர் முழுவதும் ஒன்றாக உட்கொள்ளும் பொருள் தண்ணீரைவிட வேறு என்ன? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-லிருந்து வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவந்து தருகிறது. ஏழைகளுக்கு அது கிடைத்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதே வாசலில் இருக்கும் குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் அந்த மருத்துவத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

பார்ப்பது கடினமும் இல்லை. ஊராட்சிகளுக்குக் குடிநீர் வடிகால் வாரியம் கொடுத்திருக்கும் சோதனைப் பெட்டியே போதும். சிறு குப்பியில் கிணற்று நீர், அதில் பொட்டாசியம் குரோமேட் சில துளிகள், நீர் மஞ்சளாகும். பிறகு சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். குளோரைடு இருக்கும் வரை விழும் வெள்ளி அதோடு சேர்ந்து வெண்மையாகப் படியும். தீர்ந்த கணத்தில் மஞ்சள் செங்கல் நிறமாகத் திரும்பும். எத்தனை துளியில் திரும்பியது என்று எண்ணினால் அளவு கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்துப் பதிவு செய்கிறார். தண்ணீர்ச் சோதனை முடிவு வேறொரு துறையின் பதிவேட்டில் ஏறுகிறது. இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவை. மழை முடிந்த தையில் ஒரு தடவை, கிணறு கரிக்கும் சித்திரையில் ஒரு தடவை, குளோரைடோடு சோடியத்தையும் அளந்து, எந்தக் கிணற்றுத் தண்ணீரை எந்தத் தெரு குடிக்கிறது என்பதையும் குறித்து, இரண்டு பதிவேடுகளையும் வட்டார மருத்துவ அலுவலர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டாகோப்பில் நடந்தது கோடியக்கரையிலும் வேதாரண்யத்திலும் தோப்புத்துறையிலும் நடக்கிறதா என்பது இரண்டு ஆண்டில் தெரிந்துவிடும். எந்தக் குளத்தை எந்த மணலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதும் அதே ஏட்டில் இருக்கும்.